சாவி திரும்ப அடம்பிடிக்குதா? பழைய கார் இக்னிஷனை மாற்றும் முன் இதைப் படிச்சிடுங்க!

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. மறைமலைநகர்ல இருந்து கிளம்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போய், கடற்கரையில நின்னு ஒரு டீ. இதுதான் ப்ளான். அப்பா வாங்கி, இப்போ உங்க கைக்கு வந்திருக்கும் பழைய ஃபோர்டு ஐகான்ல எல்லாரும் ஏறியாச்சு. சாவியைப் போடுறீங்க. நுழையுது. திருப்புறீங்க. ம்ஹூம்... அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்புறீங்க. பின் சீட்ல இருந்து ஒரு குரல்: ‘‘டேய், உடைச்சிடாதடா!’’

அந்தக் குரல் சொல்வதைக் கேளுங்கள். பழைய காரின் இக்னிஷன் விஷயத்தில் பெரும்பாலான செலவு, கோளாறால் வருவதில்லை. அவசரத்தில் நாம் செய்யும் காரியங்களால்தான் வருகிறது. சாவியை முறுக்கி உடைப்பது, உள்ளே தேங்காய் எண்ணெய் ஊற்றுவது, ‘டைரக்ட் வயர் கொடுத்துடலாம்’ என்று பட்டன் வைப்பது என லிஸ்ட் நீளம். கடைசியில் சொல்லப்படும் தீர்ப்பு: ‘‘மொத்த லாக் செட்டையே மாத்தணும் சார்.’’

உண்மையில் மொத்தத்தையும் மாற்ற வேண்டிய அவசியம் எப்போதும் இருப்பதில்லை. இக்னிஷன் என்பது ஒரே பொருள் இல்லை. சாவி, பூட்டு, சுவிட்ச் என மூன்று தனித்தனி பாகங்கள் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. மூன்றில் எது பழுது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை நாமே செய்யலாம், எதைத் தொடவே கூடாது... பார்க்கலாம்.

ஜோஷ் மெஷினும் மறைமலைநகரும்

தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் மறைமலை அடிகள். வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். அவர் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு ‘இக்னிஷன் சுவிட்ச்’ என்று எழுத வேண்டியிருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரை உலகுக்குத் தெரியவைத்ததில் கார்களுக்கும் பங்கு உண்டு.

1995-ல் மஹிந்திராவுடன் கைகோத்து இந்தியாவுக்கு வந்தது ஃபோர்டு. 1999-ல் மறைமலைநகர் தொழிற்சாலை முழுவீச்சில் இயங்கத் தொடங்க, அதே ஆண்டு இறுதியில் அறிமுகமான கார்தான் ஐகான். ‘ஜோஷ் மெஷின்’ என்ற விளம்பரம் 90-ஸ் கிட்ஸுக்கு நினைவிருக்கும். அதன்பிறகு ஃப்யூஷன், ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட் என வரிசையாக வந்தன. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரின் கடைசி கார் லைனிலிருந்து வெளியே வந்தது. ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக, 2024 செப்டம்பரில் தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தது நிறுவனம்.

கார் தயாரிப்பு நின்றதால் ஓடிக்கொண்டிருந்த கார்கள் நின்றுவிடவில்லை. சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு பக்கம் இன்றும் ஐகானும் பழைய ஃபிகோவும் ஓடுகின்றன. ‘அப்பா கார்’ என்று பாசமாக வைத்திருப்பவர்களும் உண்டு. ‘முதல் கார்’ என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய இளைஞர்களும் உண்டு. இப்படிப் பழைய காரைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒருநாள் சந்திக்கிற பிரச்னைதான் இந்தச் சாவிப் பிரச்னை. ஃபோர்டுக்கு மட்டுமல்ல, மாருதி 800, சான்ட்ரோ, இண்டிகா என்று சாவி போட்டுத் திருப்பும் எல்லாக் காருக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

சாவியைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்குது?

கார் வந்த புதிதில் முன்பக்கம் நின்று இரும்புக் கம்பியைச் சுற்றித்தான் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். 1912-ல் காடிலாக் கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற இன்ஜினீயரின் கைவண்ணம் அது. ஆனாலும் ஸ்டார்ட்டருக்குத் தனி பட்டனோ, பெடலோ இருந்தது. சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகிற வசதியைக் கிறைஸ்லர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்தது. இன்று நம் கையில் இருக்கும் அமைப்பு அதன் வாரிசு.

அதன் பாகங்கள் இவை:

1. சாவி: அதன் பற்களில் இருக்கும் மேடு பள்ளம்தான் உங்கள் காரின் அடையாள அட்டை.

2. பேரல்: சாவி நுழையும் உருளை. இதற்குள் ஸ்பிரிங் வைத்த சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சரியான சாவி உள்ளே போனதும் எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும். ஒரே ஒரு தகடு முடி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சுழலாது.

3. ஸ்டீயரிங் லாக்: பேரலோடு சேர்ந்த ஓர் இரும்புக் கட்டை. சாவியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்கிறதே, அது இதுதான்.

4. இக்னிஷன் சுவிட்ச்: பேரலின் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மின்சார சுவிட்ச். சாவி இதைத்தான் சுழற்றுகிறது.

சுவிட்ச்சுக்குப் பொதுவாக நான்கு நிலைகள். ‘லாக்’-கில் எல்லாம் ஆஃப். ‘ஆக்சசரி’-யில் பாட்டுப் பெட்டி மாதிரி சில பொருள்களுக்கு மட்டும் கரன்ட். ‘ஆன்’-ல் டேஷ்போர்டு விளக்குகள், ஃப்யூயல் பம்ப், இக்னிஷன் காயில், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் உயிர்பெறும். ‘ஸ்டார்ட்’-ல் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கட்டளை போகும். கையை விட்டதும் ஸ்பிரிங் சாவியை மறுபடி ‘ஆன்’-க்குத் தள்ளிவிடும்.

ஐந்தாவதாக, சில கார்களில் இம்மொபிலைசர் இருக்கும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப். பேரலைச் சுற்றி வளையம்போல ஓர் ஆன்டெனா. சிப் சொல்லும் ரகசிய எண் பொருந்தினால்தான் இன்ஜின் ஓடும்.

நோயைக் கண்டுபிடி; அப்புறம் மருந்து

சாவி நுழையுது, திரும்பல: முதலில் ஸ்டீயரிங்கைச் சந்தேகப்படுங்கள். கார் நின்றபோது சக்கரம் ஒரு பக்கம் திரும்பி, ப்ளாட்ஃபார்ம் கல்லில் அழுந்திக்கொண்டிருந்தால், அந்த அழுத்தம் முழுக்க லாக் கட்டையின் மேல் இருக்கும். இடது கையால் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டே, வலது கையால் சாவியை லேசாகத் திருப்புங்கள். பல நேரம் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அப்படியும் திரும்பலையா? பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியை எடுத்து வாருங்கள். இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான டிப்ஸ். தினமும் போட்டு எடுக்கும் சாவி, 15 - 20 வருஷத்தில் தேய்ந்து வழுக்கையாகியிருக்கும். பீரோ சாவி புதுசு மாதிரியே இருக்கும். அது போட்டு ஈஸியாகத் திரும்பினால் பழுது சாவியில்தான், பேரலில் இல்லை. புதுச் சாவி வெட்டினாலே போதும். ஸ்பேர் சாவியும் திரும்பாவிட்டால், உள்ளே தகடுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது அழுக்கு அடைத்திருக்கலாம்.

திரும்புது, ஆனா ஒரு லைட்கூட எரியல: சுவிட்ச்சைத் திட்டுவதற்கு முன் ஹாரனையும் ஹெட்லைட்டையும் பாருங்கள். பல கார்களில் இவை சாவி இல்லாமலே வேலை செய்யும். அவையும் சத்தமில்லாமல் இருந்தால் பேட்டரி, பேட்டரி டெர்மினல், மெயின் ஃப்யூஸ் என்று வரிசையாகத் தேட வேண்டும். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்து, டேஷ்போர்டு மட்டும் இருட்டாக இருந்தால், முதலில் ஃப்யூஸ், அடுத்து இக்னிஷன் சுவிட்ச்.

லைட் எல்லாம் வருது, ஸ்டார்ட் ஆகல: சாவியைத் திருப்பும்போது ‘டக்... டக்...’ சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி வீக், எர்த் வயர் லூஸ் அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு. எந்தச் சத்தமும் இல்லையென்றால் ரிலே அல்லது சுவிட்ச்சின் ‘ஸ்டார்ட்’ கான்டாக்ட். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியைச் சோதிக்கலாம். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கினால், குற்றவாளி பேட்டரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஸ்டார்ட் ஆகுது, சாவியை விட்ட உடனே ஆஃப் ஆகுது: ‘ஸ்டார்ட்’ கான்டாக்ட் நன்றாக இருக்கிறது, ‘ஆன்’ கான்டாக்ட் எரிந்திருக்கலாம். இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டாலும், சில கார்கள் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுவிடும். டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் படபடவென்று மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் சிப் பக்கம்தான் பிரச்னை.

ஓடும்போது சாவி லேசா ஆடினாலே டேஷ்போர்டு மின்னி மின்னி அணையுது: இதுதான் ஆபத்தானது. சுவிட்ச் உள்ளே தேய்ந்து, பிடிமானம் போய்விட்டது என்பதற்கான எச்சரிக்கை. ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாத அறிகுறி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டார்ட் ஆன பிறகும் ‘கர்ர்ர்...’ என்ற சத்தம் நிற்கல: சாவி ‘ஸ்டார்ட்’-லேயே ஒட்டிக்கொண்டது. சாவியைக் கையாலேயே பின்னால் திருப்பிப் பாருங்கள். நிற்காவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். விட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகி எரிந்துபோகும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் ப்ளீஸ்!

வீட்டுப் பூட்டு இறுகினால் நம் பாட்டிகள் செய்யும் வைத்தியம் தேங்காய் எண்ணெய். கார் பேரலுக்கு அது ஆகாது. எண்ணெயும் கிரீஸும் முதல் நாலு நாள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு தூசியைப் பிடித்து, குழம்பு மாதிரி ஆகி, தகடுகளை ஒட்டவைத்துவிடும்.

பேரலுக்கு உலர்ந்த மசகு வேண்டும். கிராஃபைட் பவுடர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பென்சில் போதும். பென்சில் கரி என்பதே கிராஃபைட்தான். மென்மையான 2பி பென்சிலால் சாவியின் இரண்டு பக்கமும் கறுப்பாகத் தேய்த்து, உள்ளே நுழைத்து எடுங்கள். நாலைந்து முறை செய்துவிட்டு, சாவியைத் துடைத்துவிடுங்கள்.

ரொம்ப அழுக்கு என்றால், முதலில் எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேயை லேசாக அடித்து, காயவிட்டு, பிறகு கிராஃபைட். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுச் செய்வது பாதுகாப்பு. ஸ்ப்ரே முழுக்க ஆவியாகும்வரை சாவியைத் திருப்பக் கூடாது.

கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சட்ராஸ் என்று கடலோரத்தில் கார் நிறுத்துபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. உப்புக்காற்று உலோகத்தைச் சும்மா விடாது. பேட்டரி டெர்மினலில் பச்சை, வெள்ளைப் பூப்பு தெரிந்தால், அதே உப்பு வயர் கனெக்டர்களிலும் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று வையுங்கள். கடற்கரை மணல் ஒட்டிய சாவியை அப்படியே சொருகுவது, பேரலுக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பேன்ட்டில் துடைத்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான்.

சாவி உள்ளேயே உடைஞ்சிடுச்சா?

பதற்றம் வேண்டாம். மூன்று விஷயங்களைச் செய்யாதீர்கள். ஒன்று, உடைந்த முனையில் சூப்பர் க்ளூ தடவி ஒட்டி இழுக்கப் பார்க்காதீர்கள். பசை தகடுகளுக்குள் இறங்கினால் பேரலே காலி. இரண்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சொருகித் திருப்பாதீர்கள். மூன்று, கையில் இருக்கும் மீதித் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

சாவி நுழைந்த நிலையிலேயே, அதாவது ‘லாக்’-கில் உடைந்திருந்தால், சாவிக்காரர் மெல்லிய கொக்கியால் துண்டை வெளியே எடுத்துவிடுவார். திருப்பிய நிலையில் உடைந்திருந்தால், முதலில் பேரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு துண்டுகளும் பத்திரமாக இருந்தால், அவற்றைச் சேர்த்து வைத்தே புதுச் சாவி வெட்ட முடியும். சிப் சாவி என்றால், பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் சிப் பொன் மாதிரி. அதைப் புதுச் சாவியின் தலைக்குள் மாற்றி வைக்கலாம்.

சாவி வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேய்ந்த சாவியைக் காட்டி நகல் எடுத்தால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். எப்போதும் அதிகம் புழங்காத ஸ்பேர் சாவியைக் கொடுத்து நகல் எடுங்கள். கார் வாங்கியபோது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகடோ, அட்டையோ கொடுத்திருந்தால், அதில் இருக்கும் எண்தான் சாவியின் கோடு. அதை வைத்துக் கம்பெனி அளவிலேயே சாவி வெட்டலாம். வீட்டில் பழைய கார் ஃபைலைத் தேடிப் பாருங்கள்.

எதை நாமே மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

இக்னிஷன் சுவிட்ச்: கொஞ்சம் கை வேலை தெரிந்தவர்கள் செய்யலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரின் ஸ்க்ரூக்களை எடுத்தால், பேரலின் பின்னால் சுவிட்ச் தெரியும். பல மாடல்களில் இரண்டு ஸ்க்ரூவோ, க்ளிப்போதான் அதைப் பிடித்திருக்கும். கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் மொபைலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டரில் ஏதாவது பின் கறுத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தால் சுவிட்ச்சை மட்டும் மாற்றிப் பயனில்லை. கனெக்டரையும் மாற்றி, ஏன் சூடானது என்றும் பார்க்க வேண்டும்.

பழைய கார்களில் சூடாகக் காரணம் பெரும்பாலும் நாமேதான். பெரிய மியூசிக் சிஸ்டம், கூடுதல் ஹாரன், பளபள லைட் எல்லாவற்றுக்கும் ‘ஈஸியா கிடைச்ச’ இக்னிஷன் வயரிலிருந்தே கரன்ட் எடுத்திருப்பார்கள். சுவிட்ச் தாங்க வேண்டிய லோடு அது இல்லை. தனி ஃப்யூஸ், தனி ரிலே வைத்து பேட்டரியிலிருந்து கரன்ட் எடுப்பதுதான் சரியான முறை.

பேரல்: சாவி திரும்பும் நிலையில் இருந்தால் இதுவும் சுலபம். பல கார்களில் சாவியை ‘ஆக்சசரி’ நிலையில் வைத்து, பக்கத்தில் இருக்கும் சின்னத் துளையில் மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால், பேரல் முன்னால் கழன்று வரும். சாவி திரும்பாத பேரலைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அது அனுபவம் உள்ளவர் வேலை. புதுப் பேரல் போட்டால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று இரண்டு வைத்திருக்க வேண்டிவரும். நல்ல சாவிக்காரராக இருந்தால், புதுப் பேரலின் தகடுகளைப் பழைய சாவிக்கு ஏற்றபடி அடுக்கிக் கொடுப்பார். கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீயரிங் லாக்: கை வைக்காதீர்கள். திருடர்கள் கழற்றக் கூடாது என்பதற்காகவே இறுக்கியதும் தலை உடைந்துவிடும் போல்ட்களை இதில் பயன்படுத்துவார்கள். அதேபோல ஸ்டீயரிங் வீலில் ஏர்பேக் இருக்கும் கார்களில், வீலைக் கழற்றும் எந்த வேலையும் வீட்டில் வேண்டாம்.

பட்டன் வெச்சுடலாமா?

‘‘சாவி எல்லாம் எதுக்கு? ஒரு டாகிள் சுவிட்ச், ஒரு பட்டன். முடிஞ்சுது!’’ என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இரண்டு உண்மைச் சம்பவங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1996-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 80 லட்சத்துக்கும் அதிகமான கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. காரணம், இக்னிஷன் சுவிட்ச்சுக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆகி, ஸ்டீயரிங் பகுதியில் புகையும் தீயும் வந்ததுதான். தொழிற்சாலையில் சோதித்து வந்த சுவிட்ச்சுக்கே இந்தக் கதி என்றால், ஃப்யூஸ்கூட இல்லாமல் முறுக்கி டேப் சுற்றிய வயர் எம்மாத்திரம்?

இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸ் கதை. செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் இக்னிஷன் சுவிட்ச்சின் உள்ளே, சாவியை ‘ஆன்’ நிலையில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் வீக்காக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, பள்ளத்தில் கார் குலுங்கினாலோ, சாவி தானாக ‘ஆக்சசரி’-க்கு நழுவிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப். பவர் ஸ்டீயரிங் போய்விடும். பிரேக் பூஸ்டரின் உதவி ஓரிரு அழுத்தலோடு தீர்ந்துவிடும். மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2006-லேயே சுவிட்ச்சின் வடிவமைப்பைச் சத்தமில்லாமல் மாற்றியவர்கள், பாகத்தின் எண்ணை மட்டும் மாற்றவில்லை. அதனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2014-ல்தான் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தக் கோளாறால் இறந்தவர்கள் என்று 124 பேரின் குடும்பங்களுக்கு இழப்பீடு ஏற்கப்பட்டது. 2015-ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது நிறுவனம்.

ஒரு சின்ன ஸ்பிரிங். 124 உயிர்கள். ‘சாவி ஆடினா டேஷ்போர்டு அணையுது’ என்ற அறிகுறியைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பட்டன் வைப்பதில் இன்னொரு பயங்கரமும் உண்டு. சுவிட்ச்சைத் தாண்டி வயர் கொடுத்துவிட்டு, ஸ்டீயரிங் லாக்கை அப்படியே விட்டுவிட்டால், ஓடும்போது லாக் விழ வாய்ப்பிருக்கிறது. ஜி.எஸ்.டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘அப்போ லாக்கையும் எடுத்துடலாமே’ என்றால், உங்கள் காரை யார் வேண்டுமானாலும் பட்டனை அமுக்கி ஓட்டிக்கொண்டு போகலாம். திருட்டு நடந்து இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால், ‘ரெண்டு சாவியும் எங்கே?’ என்பது வழக்கமான கேள்வி. அந்த நேரத்தில் பட்டன் கதை எடுபடாது.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

தயாரிப்பை நிறுத்தியபோதே, சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. எனவே சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். ரொம்பப் பழைய மாடலுக்கு இல்லையென்றால், சென்னையில் ஜி.பி ரோடு இருக்கிறது. புது உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு. அங்கேயும் இல்லையென்றால் புதுப்பேட்டை. பழைய காரின் பாகம் எதுவானாலும் தேடிப் போகிற இடம்.

போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பழுதான பாகத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். அதில் பொறித்திருக்கும் எண்ணையும் கனெக்டரின் பின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய பேரல் வாங்கினால் அதன் சாவியோடு சேர்த்து வாங்குங்கள். எது வாங்கினாலும் பில் கேளுங்கள். திருட்டுக் காரின் பாகம் உங்கள் காருக்குள் வர வேண்டாம்.

சாவிக்காரரிடம் போகும்போது ஆர்.சி-யைக் காட்டுங்கள். கேட்காமலே சாவி வெட்டித் தருபவரைவிட, ‘‘ஆர்.சி எங்கே தம்பி?’’ என்று கேட்பவரை நம்பலாம்.

நடுரோட்டில் மாட்டிக்கிட்டா?

ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, முடிந்தவரை ஓரமாக நிறுத்துங்கள். பெட்ரோல் கியர் கார், டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால், தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். சாவி ‘ஆன்’-ல் இருக்க வேண்டும். செகண்ட் கியர், க்ளட்ச் மிதித்த நிலை. கார் கொஞ்சம் வேகம் பிடித்ததும் க்ளட்ச்சை விட வேண்டும். ஓரிரு முறைக்கு மேல் முயல வேண்டாம். இதைத் தெருவில் செய்யுங்கள். பரனூர் டோல்கேட் பக்கம் செய்யாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* பழுது சாவியிலா, பேரலிலா, சுவிட்ச்சிலா? எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணா?
* ஸ்பேர் சாவி போட்டுப் பார்த்தீங்களா? பேட்டரி வோல்ட் பார்த்தீங்களா?
* சுவிட்ச் மட்டும் தனியா கிடைக்காதா?
* கழற்றின பழைய பாகத்தை என்கிட்டயே கொடுப்பீங்களா?

இந்த நான்கையும் கேட்டாலே, ‘மொத்த செட்டும் மாத்தணும்’ என்பது உண்மையா, சோம்பலா என்று தெரிந்துவிடும். செலவிலும் அதே வரிசைதான்: சாவிக்குக் குறைவு, சுவிட்ச்சுக்கு அடுத்தது, முழு லாக் செட்டுக்கு அதிகம். எனவே குறைந்த செலவிலிருந்து தேடத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒரு வேலை. இதைப் படித்து முடித்ததும் உங்கள் சாவிக்கொத்தைக் கையில் எடுங்கள். வீட்டுச் சாவி, பைக் சாவி, பீரோ சாவி, பாட்டில் ஓப்பனர், மாமல்லபுரத்தில் வாங்கிய கல் யானை... எல்லாம் அதில் தொங்குகிறதா? கார் சாவியை மட்டும் தனியாகப் பிரித்து, லேசான ஒரு வளையத்தில் போடுங்கள். பேரலும் சுவிட்ச்சும் சுமக்கும் எடை அன்றே குறையும். பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவியை எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்து, மறுபடி பத்திரமாக வையுங்கள்.

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம் டீ உறுதி!